பிடுங்கக் கூடாத பல்

என் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வாரமாக உயிரை எடுத்தது. என் கணவர் கமலநாதனுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

"குளுவாங் டவுனுக்குப் போயி புடுங்கிட்டு வந்துடலாம் கஸ்தூரி. அஞ்சு நிமிஷ வேலை லா. மத்ததெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத."

மற்றது என்றால் புற்றுநோய். போன வருடம் நாக்கின் அடியில் வந்தது. ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு வைத்தார்கள். கெலாங் பாத்தாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போனதாக எங்கள் ஊர் சாஆ முழுக்கச் சொல்லி வைத்தோம். எங்கள் ஆட்களுக்கு இந்த நோய், வீட்டில் யாரோ ஜெயிலுக்குப் போன மாதிரி. அடுத்த மாதம் மகள் லோஷினிக்கு நிச்சயம். 'அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரும்' என்று யாராவது கிளப்பினால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான்.

ஆனால் கதிர்வீச்சு வைத்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தத் தாடையில் இனி எங்களைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, புண் ஆறாது, எலும்பு அழுகிவிடும் என்று.

குளுவாங் பல் கிளினிக் கவுண்டரில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ரூபேந்திரனின் சின்னம்மா. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது எங்களுக்குத் தெரியாது.

"அக்கா, வாங்க! நீங்க சொல்லுங்க, ஃபாரத்தை நான் எழுதுறேன். சுகர், பிரஷர் இருக்கா? ஆப்பரேஷன், ரேடியேஷன் ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்ல," என்று இவர் முந்திக்கொண்டார். அவளும் அப்படியே எழுதினாள்.

கதிர்வீச்சு வைத்ததிலிருந்து எச்சில் ஊறாத என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. புட்டியைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்து மூன்று நாள் அந்த மெஷினுக்குக் கீழே கிடந்தவள் நான். கஞ்சியைக்கூட அழுதுகொண்டே விழுங்கியவள் நான். ஒரு பொய்க்காகத் தாடையையும் கொடுக்க வேண்டுமா?

"அதை அடிச்சிட்டு எழுது காளியம்மா. எனக்கு வாயில கேன்சர். போன வருஷம் ரேடியேஷன் வச்சாங்க."

"கஸ்தூரி!" என்று இவர் பல்லைக் கடித்தார். அவருக்குக் கடிக்க நல்ல பல் இருக்கிறது.

காளியம்மா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"உங்கக்கா அங்கம்மாவுக்குப் போன் போடு. மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன்," என்றேன்.

அவள் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் இரண்டு முறை தண்ணீர் குடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "நிச்சயம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க சம்பந்தி. இனிமே என்னால மறைக்க முடியாது."

அங்கம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "பல்லைப் புடுங்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"புடுங்க விட்றாதீங்க சம்பந்தி! எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான். ஊருக்கு மறைச்சோம். பல்லு வலிக்குதுன்னு போனப்ப டாக்டர்கிட்டயும் மறைச்சோம். புடுங்கின குழி மூடவே இல்ல. தாடையே போச்சு, அப்புறம் அவரும் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக்குன்னு ஊருக்குச் சொல்லித்தான் எடுத்தோம்."

காளியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிச்சயம் நடக்கும். லோஷினி எங்க வீட்டுப் புள்ள. நீங்க மொதல்ல ஜேபி ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனை வைத்தேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதது போதும், வண்டிய எடுங்க," என்றேன். "இன்னைக்கே ஜேபி போகணும்."