கபாசோவைத் தேடி வந்த கரிசல்

கபாசோ மேட்டுநிலத்து மாமனார் ஊருக்கு வந்த மூன்றாம் வருடம், அவன் பிறந்த லுவாங்வா பள்ளத்தாக்கின் கரிசல் மண் நூற்றிருபது மைல் நடந்து அவனிடம் வந்து சேர்ந்தது. தார்ச்சாலையை அது கடக்கும்வரை இரண்டு லாரிகள் நின்று வழிவிட்டன.

மேட்டுநிலத்துச் செம்மண்ணின் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விடும். நாக்கில் வைத்தால் புளிக்கும். அதனால் மருமகன்கள் மரமேறிக் கிளை வெட்டி, குவித்துக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். பெண் கொடுத்த வீட்டுக்கு மருமகன் செலுத்த வேண்டிய உழைப்பு அது. கபாசோவுக்கோ ஆளுயரம் ஏறினாலே தலை சுற்றும். தரையில் நின்று எட்டியதை மட்டும் வெட்டினான். சாம்பல் போதாமல் இரண்டு வருடமும் பயிர் முழங்காலைத் தாண்டவில்லை.

"இந்த வருஷமும் வெள்ளாமை இல்லேன்னா நீ மட்டும் உங்க ஊருக்குக் கிளம்பு மாப்ளே. லோம்பே இங்கதான் இருப்பா," என்று மாமனார் சிசங்கா சொல்லிவிட்டார். அவன் மனைவி லோம்பே அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

இந்த நிலைமையில்தான் கரிசல் வந்து, குடிசைக்குப் பின்னால் அரை ஏக்கருக்குப் படுத்துக்கொண்டது. ஊரே நக்கிப் பார்த்தது, புளிக்கவில்லை. பூரித்துப்போன கபாசோ முதல் மழைக்கே அதில் விதைத்தான், புத்தி கெட்டவன். பள்ளத்தாக்கில் பெய்வதைப்போல் இரண்டு பங்கு பெய்யும் ஊர் இது. கரிசல் குடித்த தண்ணீரை விடவே இல்லை. விதை அழுகிப்போயிற்று.

"உன் மண்ணுக்கும் மரமேறத் தெரியலையே," என்று மச்சான்கள் சிரித்தார்கள்.

அவன் கூடையை எடுத்தான். செம்மண் தண்ணீரை வடித்துவிடும், கரிசல் சத்தைப் பிடித்துவைக்கும். மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கரிசல் என்று சுமந்துபோய்க் கொட்டிக் கலந்தான். கழுத்து வீங்கும்வரை சுமந்தான். பசைபோல் ஒட்டும் கட்டிகளை லோம்பே வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து உடைத்தாள். இரண்டாம் விதைப்பு இடுப்புக்கு வளர்ந்தது. கதிர் பிடிக்கையில் மகள் பிறந்தாள். நிலத்தை ஒருமுறை சுற்றிவந்த சிசங்கா அதற்குப் பிறகு மரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை.

அறுவடை முடிந்து தாயைப் பார்க்கக் கபாசோ கிளம்பினான். செம்மண்ணில் கலந்திருந்த கரிசலும் எழுந்து பின்னாலேயே போனது. ஊர் பதறியது. சாலைவரை போன மண், லோம்பே குழந்தையோடு நிற்பதைத் திரும்பிப் பார்த்தது. சற்று யோசித்துவிட்டு, வந்து பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.

"அது வீட்டோட மாப்பிள்ளை ஆயிடுச்சு," என்றார் சிசங்கா. பிறகு ஓடிப்போய்க் கபாசோவின் பையில் கேழ்வரகு மாவைத் திணித்து, "நீயும் சீக்கிரம் வந்துடுப்பா," என்றார்.