நான்கு நாற்காலியும் ஒரு அணையும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. நாற்காலி தூக்கினேன், அவ்வளவுதான். கொலம்பியாவில் சிமாரா ஆற்றங்கரையில் எங்கள் பதினோரு வீடு. அணை வந்தால் எல்லாம் தண்ணீருக்குள். அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஆயிரமாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் சிமாரா—"

(வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நாலாம் பக்கத்தில் ஆறு அழும். எங்கள் ஆறு அழாது. மழைக்காலத்தில் கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போகும்.)

இரண்டாவது: "வளர்ச்சி என்பது—"

(இது அணைக்காரர்கள் கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. வழவழப்பான தாள். மீன் சுற்றக்கூட ஆகாது.)

2

எதெல்மிராவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். வீச்சுவலை போடுகிறவள். புருஷன் இல்லை, ஒரு மகள். அந்த மகளுக்கு ஞானத்தாய் பக்கத்து வீட்டு ஒதிலியா. அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே', அதாவது பிள்ளைக்குக் கூட்டுத்தாய், என்றுதான் கூப்பிடுவார்கள்.

அணையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கணக்கெடுக்க இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். (எங்கள் பக்கம் கையில் கோப்பு வைத்திருந்தால் டாக்டர்தான்.) நஷ்டப்படுகிறவர் பட்டியலில் பெயர் வந்தால் மேட்டில் நிலமும் வீடும். வராவிட்டால் நன்றிக் கடிதம்.

விருந்தாளியைத் தரையில் உட்கார வைப்பது எங்களுக்குச் சாவுக்குச் சமம். ஊரிலேயே நாற்காலி இருந்தது ஒதிலியா வீட்டில்தான். நான்கு நீல பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர்கள் ஒரு வீட்டின் முன்வாசல் வழியாகப் போகும்போது, நாங்கள் கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்து வீட்டிலும் நான்கு நீல நாற்காலி. படித்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

3

பத்தாவது வீடு எதெல்மிராவுடையது. இருந்த ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்திருந்தாள்.

"ஆத்துல மீன் பிடிச்சு மாசம் எவ்வளவு வருது?"

"விக்கிறதில்லைங்க டாக்டர். யாரு வலை கிழிஞ்சிருக்கோ அவங்களுக்குக் குடுப்போம். நம்மது கிழிஞ்சா அவங்க குடுப்பாங்க."

டாக்டர் எழுதினார்: வருமானம், பூஜ்யம்.

"இன்னொரு கரண்டி ஊத்திக்கங்க. வெக்கப்படாதீங்க."

அவர் வெட்கப்படவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அதற்குள் இன்னொரு டாக்டர் பதினோராவது வீட்டுக்கு, ஒதிலியாவிடம் போய்விட்டார். அவள் நாற்காலி நான்கும் இங்கே. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துதான் அவர் எழுதினார்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். ஒரே பெயர்: ஒதிலியா. மற்ற பத்து வீட்டுக்கும் ஒரே வரி: 'வசதியானவர்கள், ஆற்றை நம்பியிருக்கவில்லை.'

4

(இந்த இடத்தில் அணையைத் திட்டி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். என் தங்கை யாதிரா கீழ்ப்பக்கம் நெல் போடுகிறவள். அவளிடம் படித்துக் காட்டினேன். "போன வருஷம் பயிர் கருகிக் கெடந்தப்போ நீ வந்து பாத்தியா அண்ணே? அணை வாய்க்கால் வந்தா ரெண்டு போகம். உங்க பதினோரு வீட்டுக்காக எங்க ஊரே காயணுமா?" என்றாள். ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அணை வரட்டும். இந்தப் பக்கம் என்ன போகிறது என்பதையாவது அணைக்காரர்கள் பார்த்து எழுதட்டும்.)

5

முறையீடு கேட்க அதிகாரி வந்தார். கால்பந்து மைதானத்தில் பந்தல், ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் பெயர் எதெல்மிரா.

"அந்த நாற்காலி எங்களுது இல்லைங்க டாக்டர். இரவல்."

"பத்து வீட்டுக்காரங்களும் அதையேதான் சொல்லப் போறீங்க. யாருதுன்னு சொல்லுங்க, விசாரிக்கிறோம். அவங்க பேரு பட்டியல்ல இருந்தா எடுத்துருவோம். உங்களை எல்லாம் மறுபடி கணக்கெடுப்போம்."

இரண்டாவது வரிசையில் ஒதிலியா. மடியில் எதெல்மிராவின் மகள் தூங்குகிறாள்.

முடிவு அ: எதெல்மிரா பெயரைச் சொல்கிறாள். பத்து வீட்டுக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு. கொமாத்ரேவுக்கு வரவிருந்த மேட்டு நிலம்—

(அடித்துவிட்டேன். அடுத்த நாள் அவள் முகத்தில் எப்படி முழிப்பாள்?)

முடிவு ஆ: சொல்லாமல் இறங்குகிறாள். பெருந்தன்மை. கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும்—

(கலங்கும். பத்து வீடு மூழ்கும்.)

முடிவு இ: ஒதிலியாவே எழுந்து, "என்னுதுதான்" என்கிறாள்.

(இதை மூன்று தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து, குழந்தையைச் சரியாகப் படுக்க வைத்துவிட்டு, உட்கார்ந்துவிடுகிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நிஜத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. என் வீடு ஏழாவது.)

அணையின் லாப நஷ்டக் கணக்கை அறுநூறு பக்கத்தில் போட்டவர்கள் நாற்காலி யாருடையது என்ற இந்த ஒரு வரியை வலை வீசுகிற ஒருத்தியின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் உங்களிடம் தள்ளிவிடுகிறேன். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது. சொல்லுங்கள், அவர் என்ன எழுதட்டும்?