வடகால்குடி எல்லைக்கற்கள் நடந்த வரலாறு

நூற்றுப் பதினான்கு எல்லைக்கற்கள் காலை ஆறேகால் மணிக்குத் தரையை விட்டு எழுந்து, ஒட்டியிருந்த மண்ணை உதறிவிட்டு, வரிசையாக நடந்துபோய் வேறிடத்தில் உட்கார்ந்தது உலகத்திலேயே எங்கள் வடகால்குடியில் மட்டும்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாற்றங்கால்களில் சம்பா பதினெட்டு நாள் பயிராக நின்றது. ஒரு நாற்றுகூட மிதிபடவில்லை; கற்கள் வரப்பிலேயே நடந்தன. மதகுப் பலகை வந்த இடத்தில் ஒன்று தாண்டி முடிக்கும்வரை அடுத்தது காத்து நின்றது. பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறுகிற நம் ஜனங்களுக்கு இந்த ஒழுங்கில் கால்வாசி இருந்தால்கூட ஊர் எங்கேயோ போயிருக்கும்.

காரணம் ஊராட்சித் தலைவர் துரைக்கண்ணு. முதல் தடவை நின்றபோது தெருத்தெருவாகக் கும்பிட்டதில் இரண்டு உள்ளங்கையும் ஒட்டிக்கொண்டு, நல்லெண்ணெய் விட்டுத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அதற்கப்புறம் அந்தக் கைகள் குவியவே இல்லை. அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்ற ராம்கியின் வேட்புமனுவை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. அந்த ஆடு பிறகு தலைவர் வீட்டுக் கொட்டகையில் கழுத்தில் மணியோடு வாழ்ந்தது. கிராம சபை ஆரம்பத்தில் நாலு மணி நேரம் நடந்தது, பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு போட்டோ எடுக்கிற நேரம். கேள்வி கேட்டவர் வீட்டில் குழாய்த் தண்ணீர் நின்றது. இரண்டாவது கேள்வி கேட்டால் மழையும் நின்றது. ராம்கி வீட்டு ஓட்டின்மேல் இரண்டு ஐப்பசி கார்த்திகையாக ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்து வீடுகளில் முழங்கால் தண்ணீர், அவர் வீட்டு முற்றத்தில் மட்டும் மிளகாய் காய்ந்தது. அதைப் பார்த்த பிறகு ஊரில் யாருக்கும் கேள்வி வரவில்லை. வந்தாலும் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியிருக்க, மே தினத்துக் கிராம சபையில் எழுந்து நின்றவர் பூவம்மாள். தொண்ணூறில் பருத்தித்துறையிலிருந்து படகேறிக் கோடியக்கரையில் இறங்கி, எங்கள் ஊர் எல்லையில் பழைய நெல் கிடங்கைத் தடுத்துக் கட்டிய அகதி முகாமுக்கு வந்தவர். முகாமில் அறுபத்து மூன்று குடும்பம். முப்பத்து நாலு வருஷமாக, மாதம் இரண்டு சனிக்கிழமை, வருவாய் ஆய்வாளர் முன்னால் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆய்வாளர்கள் மாறினார்கள், கேள்வி மாறவில்லை: எப்ப திரும்பிப் போறதா உத்தேசம்? பூவம்மாள் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை. கோபத்தை எலுமிச்சங்காய் மாதிரி உப்பிட்டு ஜாடியில் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு முகாம் குழாயில் நாற்பது நாளாக ஏன் தண்ணீர் இல்லை என்று அவர் கேட்டதும், தலைவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டு இருக்கிறவர்களே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஓட்டில்லாதவளுக்கு என்ன பேச்சு என்று கேட்டார்.

“தாகத்துக்கும் ஓட்டு வேணுமோ, ஐயா?” என்றார் பூவம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்களும் இருமினார்கள். ஆனால் எழுபது பேர் ஒரே நேரத்தில் இருமினால் அது என்ன இருமல் என்று தலைவருக்குத் தெரியாதா?

ஆகஸ்டு பதினைந்து வந்தது. எங்கள் ஊரில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு போடும்போது கூடவே கிராம சபைத் தீர்மான நோட்டையும் நீட்டுவார்கள். அதில் பக்கம் வெறுமையாக இருக்கும். நாங்கள் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடுவோம். அப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டிருந்தோம். அதில் நாலு பேர் காலமாகி வருஷமாகியிருந்தது, அவர்கள் கையெழுத்துதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது. அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே தலைவர் ஒரு வரி எழுதிக்கொண்டார்: இவ்வூரில் வாக்கு இல்லாத எவரும் இவ்வூர் எல்லைக்குள் தங்கக் கூடாது. முகாமைக் காலி செய்துவிட்டுச் சாலையோரத்து அந்த ஒன்றரை ஏக்கரில் கல்யாண மண்டபம் கட்டுவதாக உத்தேசம். தாலுகா ஆபீஸில் தீர்மானத்தைப் படித்துவிட்டு, முதலில் ஊர் எல்லை எதுவென்று அளந்து காட்டச் சொன்னார்கள். சர்வேயர் வருவதாகத் தேதி போட்டுக் கடிதம் வந்தது.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் விடியுமுன்னே பூவம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு மூன்று ஊர் சந்திக்கிற முச்சந்திக் கல்லுக்குப் போனார். கல்லைக் குளிப்பாட்டி, துடைத்து, பக்கத்தில் குந்தி, மூன்று மணி நேரம் அதன் காதில் பேசினார். டீக்கடை நூர்ஜஹான் பால் வாங்கப் போகிற வழியில் கடைசி வார்த்தைகளை மட்டும் கேட்டிருக்கிறாள்.

“என்னை எல்லைக்கு வெளியில விடு, பிழையில்லை, எனக்குப் பழக்கம். ஆனா அந்த மனிசனையும் ஒருக்கா விட்டுப் பார்.”

மறுநாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. கற்கள் நடந்து முடிந்தபோது முகாம் ஊருக்கு நட்டநடுவில் இருந்தது. தலைவரின் மூன்று மாடி வீடு வெளியே இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் நமக்கு வந்த லாபம் என்று எட்டிப் பார்ப்பதற்குள் அவர்கள் ஊர்க் கற்களும் பத்தடி பின்வாங்கிக்கொண்டன. ஆகப் பன்னிரண்டு சென்ட் நிலம், மூன்று மாடி, மணி கட்டிய ஒரு ஆடு, எந்த ஊரிலும் இல்லை. அன்று மாலையே வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவர் கட்டைவிரலைப் பார்த்து இது விரலே இல்லை என்றது. வீட்டைவிட்டு அவர் ஊருக்குள் கால் வைத்தால் பக்கத்திலிருக்கும் கற்கள் எழுந்து ஓடிவந்து அவரைச் சுற்றி வளைத்து வெளியே விட்டுவிட்டு உட்கார்ந்தன. டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சின் ஒரு முனை எல்லை தாண்டியது. நூர்ஜஹான் மரியாதையாகத்தான் சொன்னாள்: “அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. பெஞ்சு ஊருக்குள்ள வரட்டும்.”

தங்க ஊரில்லாதவருக்கு ஒரே ஒரு பட்டியல்தான் மிச்சமிருந்தது. அடுத்த சனிக்கிழமை முகாம் வாசலில் அவர் வரிசையில் நின்றார். அவர் நின்ற இரண்டடி மட்டும் வெளியே இருக்கும்படி கற்கள் வளைந்து கொடுத்தன. பூவம்மாள் தானே நோட்டைப் பிடித்துக்கொண்டார். பெயரைக் கேட்டார். சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி கேட்டார். ஏழு தடவை கேட்டார், ஒவ்வொரு தடவையும் மெதுவாக, சர்க்கரை வாயில் கரைகிற மாதிரி. ஆய்வாளர் பழக்கதோஷத்தில் எப்ப திரும்பிப் போறதா உத்தேசம் என்றார். தலைவர் தூரத்தில் தெரிந்த தன் வீட்டைக் கையால் காட்டிவிட்டு அழுதார். பூவம்மாள் சிரித்தார். முப்பத்து நாலு வருஷத்துச் சிரிப்பு. அறுபத்து மூன்று தகரக் கூரையும் அதிர்ந்து, தஞ்சாவூரில் இடி என்று நினைத்துக் காயப்போட்ட துணியை எடுத்தார்களாம்.

இதையெல்லாம் நம்பாதவர் ஒரே ஒருவர்தான்: சர்வேயர் அப்சர். மயிலாடுதுறைக்காரர், ஏழு தாலுகாவை அளந்தவர், பேயையும் தேர்தல் வாக்குறுதியையும் ஒரே தட்டில் வைப்பவர். கல்லுக்குக் கால் கிடையாது, ஆட்களுக்குத்தான் உண்டு என்றார். எல்லைக்கல்லை நகர்த்தினால் ஜெயில் என்று எங்களையெல்லாம் முறைத்தார். பொக்லைன் வைத்துக் கற்களைப் பழைய இடத்தில் மூன்று தடவை நட்டார். விடிந்தால் மூன்று தடவையும் அவை புது இடத்தில் இருந்தன. அறிக்கையில் கிராமத்து விஷமம் என்று எழுதத் தீர்மானித்தார். அப்படி அவர் எழுதிவிட்டால் எல்லை பழையபடி ஆகும், தலைவர் உள்ளே வருவார், தீர்மானம் உயிர்பெறும், அறுபத்து மூன்று குடும்பமும் ஒரு வாரத்தில் மூட்டை கட்டவேண்டும். பூவம்மாள் மூட்டையைக் கட்டியே வைத்திருந்தார். யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை, சொல்ல எங்களுக்கு வாயும் இல்லை. கையெழுத்துப் போட்ட கை எங்களுடையது.

அக்டோபர் இரண்டு, முகாம் முற்றத்தில் கிராம சபை. ஒன்பது மணி நேரம் நடந்தது. பதினோரு வருஷத்துக் கேள்விகள் பாக்கியிருந்ததே. ராம்கி மட்டும் நாற்பத்திரண்டு கேட்டார், கேட்கக் கேட்க அவர் வீட்டின்மேல் மழை பிடித்துக்கொண்டது. அறிக்கையை அன்றே சபையில் வாசிக்க வேண்டும். அப்சர் மத்தியானம் சனிக்கிழமை வரிசைக்கு வளைந்து வந்து முற்றத்து ஓரத்திலேயே தங்கிவிட்ட ஒரு எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்து, மடியில் தயிர்சாத டப்பா, தொடையில் காகிதம், கையில் பேனா என்று முதல் வரியை ஆரம்பித்தார். அதைத் தூரத்தில் பார்த்த துரைக்கண்ணுவுக்குப் பொறுக்கவில்லை. ஆளுங்கதான் நகத்தினாங்கன்னு எழுதுங்க சார் என்று கத்திக்கொண்டே எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவந்தார்.

கல் எழுந்தது. அப்சரோடு எழுந்தது. சபையில் இருந்த எண்ணூறு பேர் பார்க்க, மத்தியான வெயிலில், அவரைத் தூக்கிக்கொண்டு துரைக்கண்ணுவைச் சுற்றி அரைவட்டம் போட்டு, நாற்பதடி தள்ளி மெதுவாக உட்கார்ந்தது. டப்பாவிலிருந்து ஒரு பருக்கை சிந்தவில்லை. துரைக்கண்ணு வெளியே நின்றார்.

அப்சர் மிச்சமிருந்த இரண்டு வாய் சாதத்தையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். பூவம்மாளைப் பார்த்து, அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லிச் சைகை செய்தார். பிறகு, கல்லின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, எழுதியதைச் சபைக்குக் கேட்கும்படி வாசித்தார்:

“கற்கள் தாமாகவே நடந்தன. இதில் மனிதர் எவருக்கும் பங்கில்லை. ஒன்றின்மேல் நானே உட்கார்ந்து வந்தேன்.”