அஸ்லக் உப்பைச் சரியாகத்தான் சொல்வார்

அடக்கத்துக்கு முந்தின நாள் அண்ணன் ஹால்வர் தொலைபேசியில் கூப்பிட்டான். கல்லறையிலிருந்து திரும்பியதும் தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுப்பார்கள். அப்போது நாலு பேர் எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். தானும் பேசப்போவதாகச் சொன்னான்.

"அஸ்லக்கோட வார்த்தைங்கள்ல நாலஞ்ச எடுத்து விடலாம்னு இருக்கேன். ஜனங்க கொஞ்சம் சிரிச்சா மனசு லேசாகும்."

"வேண்டாண்ணே."

"ஏம்மா? அது அவன் ஞாபகம்தானே?"

"என்ன வேணா பேசு. அத மட்டும் எடுக்காத."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பூ வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

என் கணவர் அஸ்லக் சில சொற்களைத் தன் போக்கில் சொல்வார். சாக்லேட் அவருக்குச் 'சாக்கெட்லே'. பிப்ரவரி 'பிர்பவரி'. தெர்மாமீட்டர் 'தெர்மெட்டோமார்'. அவர் ஊர்ப் பேச்சே அப்படி என்று நினைக்க வேண்டாம். கூடப் பிறந்த தம்பி எல்லாவற்றையும் பிசிறில்லாமல் சொல்வான். அஸ்லக் மியோசா ஏரிப் படகுகளுக்கு என்ஜின் பழுது பார்த்தவர், கை ஒருநாளும் தப்பியதில்லை. வாய் மட்டும் ஒரு பன்னிரண்டு சொற்களை அப்படிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எப்போதும் அதே சொற்கள், எப்போதும் அதே மாதிரி. கல்யாணமான புதிதில் கவனித்தேன். பிறகு அதுவும் அவர் நடக்கிற விதம்போல ஆகிவிட்டது.

அண்ணனும் அண்ணி உன்னியும் அவர்கள் வீட்டாரும் அதை விளையாட்டாக்கினார்கள். ஈஸ்டருக்கு எல்லோரும் அவனுடைய மலைக்குடிலில் கூடுவோம். அஸ்லக் ஒரு சொல்லைத் தன் மாதிரி சொன்னதும் ஹால்வர் மதுக்கிண்ணத்தைத் தூக்கி "ஸ்கோல்" என்பான். மேசையில் இருக்கிற எல்லோரும் கிண்ணத்தைத் தூக்கிக் குடிப்பார்கள். முதல் சில வருஷம் அஸ்லக்கும் சிரித்தார். பிறகு அந்தச் சொற்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார். பிப்ரவரியை 'மார்ச்சுக்கு முந்தினது' என்பார். சாக்லேட் வேண்டுமானால் கையைக் காட்டுவார். அப்படியும் விட மாட்டார்கள்.

"மச்சான், எனக்கும் உன்னிக்கும் எந்த மாசம் கல்யாணமாச்சு?" என்பான் ஹால்வர்.

"உனக்குத் தெரியாதா?"

"மறந்துபோச்சு. நீ சொல்லேன்."

ஒரு வருஷம் நான் சத்தம் போட்டேன். அதிலிருந்து என் முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். நான் வெளியே போனால் ஆரம்பிப்பார்கள். திரும்பி வரும்போது கிண்ணங்கள் காலியாக இருக்கும், அஸ்லக் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஈஸ்டர் சனிக்கிழமை ஆட்டிறைச்சியை மேசையில் வைத்த பிறகு விறகு தீர்ந்தது. நான் கொட்டகைக்குப் போனேன். கதவைப் பனி அடைத்திருந்தது, வாரித் தள்ள நேரமாயிற்று. குடிலிலிருந்து சிரிப்பு கேட்டது. அடங்கி மறுபடி கேட்டது. பிறகும் கேட்டது.

உள்ளே நுழைந்தபோது அண்ணி உன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னே, வா வா. உன் ஆளு இன்னைக்கி உப்பையும் விட்டு வைக்கல."

ஹால்வர் உப்புக் குப்பியை உயரப் பிடித்திருந்தான். "இன்னொரு தடவ கேளு மச்சான். கேட்டாத்தான் தருவேன்."

அஸ்லக் கேட்டார். அது எப்படி ஒலித்தது என்று இங்கே எழுத மாட்டேன். அது அவருடைய சொல் அல்ல. எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் அவரும் சிரித்தார். வாயில் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

"அவரு உப்ப சரியாத்தான் சொல்வாரு," என்றேன்.

"அவன் எதத்தான் சரியாச் சொன்னான்?" என்றான் ஹால்வர்.

விறகைத் தரையில் போட்டுவிட்டு அவசர உதவிக்குப் பேசினேன். எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறார் என்று அந்தப் பக்கத்திலிருந்த பெண் கேட்டாள். ஹால்வரைப் பார்த்துக் கேட்டேன்.

"இப்பத்தான். இந்த நிமிஷம்," என்றான்.

அதையே அவளிடம் சொன்னேன். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. பக்கவாதம் என்றார்கள். அடுத்த வாரம் அஸ்லக் இறந்தார். 'கொஞ்சம் முன்னாடியே' என்று தொடங்கிய மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடக்கத்தன்று கூடத்தில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் பேசினார். பாதிரியார் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். பிறகு ஹால்வர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"நம்ம அஸ்லக்குக்குன்னு தனியா ஒரு அகராதி இருந்துச்சு. அவங்கிட்ட பேசினவங்களுக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தான். பிர்பவரி வந்தது, தெர்மெட்டோமார் வந்தது. நன்றாகவே சொன்னான், இத்தனை வருஷப் பழக்கம். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களே கைக்குட்டையையும் எடுத்தார்கள்.

"எல்லாரும் காப்பிக் கோப்பைய தூக்குங்க. சாக்லேட்ட அவன் சொன்ன மாதிரியே கடைசியா ஒரு தடவ சேந்து சொல்வோம்."

கோப்பைகள் உயர்ந்தன. நான் எழுந்து நின்றேன்.

"அண்ணே, உப்புக்கு எத்தன கிண்ணம் குடிச்சீங்க?"

"என்னம்மா?"

"நான் வெறகெடுக்கப் போனப்ப. உப்புக்கு எத்தன ஸ்கோல் சொன்னீங்க?"

"சிக்னே, அதுக்கு இது எடமில்ல. உக்காரு."

மேசை விரிப்பைப் பார்த்தபடி உன்னிதான் பதில் சொன்னாள். "நாலு. அஞ்சாவது ஊத்தறப்ப நீ வந்துட்ட."

முதலில் அஸ்லக்கின் தம்பி கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாங்க என்னத்தம்மா கண்டோம்?" என்றான் ஹால்வர். "அவன் பேச்சு எப்பவும் அப்படித்தானே?"

"எப்பவும் அப்படி இல்ல. மொத்தமே பன்னெண்டு வார்த்தை. இத்தன வருஷம் சிரிச்சீங்களே, ஒரு நாளாச்சும் காது குடுத்துக் கேட்டீங்களா?"

ஹால்வர் உட்கார்ந்தான். பக்கத்து மேசையில் ஒருவர் இன்னும் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். பிறகு ஒவ்வொருவராக மேலங்கியைத் தேடிப் போனார்கள்.

வாசலில் உன்னி என் முழங்கையைப் பிடித்தாள். "வீட்ல வச்சுக் கேட்டிருக்கலாம் சிக்னே. இத்தன பேரு முன்னாடியா?"

"அவரும் உங்க எல்லாரு முன்னாடியுந்தான் உக்காந்திருந்தாரு," என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணன் கூப்பிடவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிவருகிறானாம். சொல்லட்டும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சேர்ந்து சொல்லவில்லை. அவருக்காக என்னால் தடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.