சொல்லாமல் விட்ட பலன்

அரசர் பாதிக் கனவைச் சொல்லும்போதே, அரண்மனையில் கனவுக்குப் பலன் சொல்லும் பெரியவருக்கு மீதி விளங்கிவிட்டது. வானத்தை முட்டும் ஒரு மரம். கிளையெல்லாம் பறவைகள், நிழலெல்லாம் விலங்குகள். மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்து, "வெட்டிச் சாய்த்துவிடுங்கள், அடிக்கட்டையை மட்டும் விடுங்கள். மனித மனம் போய் மிருக மனம் வரட்டும், பனியில் நனைந்து புல் தின்னட்டும்" என்று கத்துகிறான்.

மரத்துக்கு ஏது மனம்? மரம் அரசர்தான்.

"என்ன அர்த்தம்?" என்றார் அரசர். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

பெரியவரின் பக்கத்தில் நின்ற அவர் மாப்பிள்ளைக்கும் பலன் சொல்லும் வேலைதான். "மாமா, இது அரசரைப் பத்தி..." என்று அவர் கிசுகிசுக்க, பெரியவர் அவர் காலை அழுத்தி மிதித்தார்.

"வாயை மூடுங்க மாப்பிள்ளை. தலை தப்பினா போதும்."

பிறகு நிமிர்ந்து, "பிடிபடலை அரசே" என்றார்.

போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டு, அரண்மனையிலேயே அதிகாரியாக உயர்ந்த எபிரேய இனத்தவர் ஒருவர் இருந்தார். அவரை அழைத்தார்கள். கனவைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

"பயப்படாம சொல்லுங்க" என்றார் அரசர்.

"இது உங்க எதிரிக்கு வந்திருக்கக் கூடாதான்னு இருக்கு அரசே. அந்த மரம் நீங்கதான். உங்க புத்தி கலங்கும், மாடு மாதிரி புல் மேய்வீங்க. அடிக்கட்டை மிச்சமிருக்கிறதால திரும்பி வருவீங்க. ஆனா ஏழைகளை நசுக்கறதை இப்பவே விட்டுட்டா, ஒருவேளை இது தள்ளிப்போகும்."

அரசர் கோபப்படவில்லை. அதுதான் பெரியவரை உலுக்கியது. தலை உருளும் என்று அவர் நடுங்கிய வார்த்தையைக் கேட்டுவிட்டு, அரசர் பயந்த பிள்ளைபோல அவர் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, எங்க அப்பா காலத்திலேருந்து இருக்கீங்க. இவர் சொல்றது சரியா?"

ஒரே சொல் போதும். ஆனால் 'சரி' என்றால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே!

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது அரசே."

அரசருக்குப் போன உயிர் திரும்பியது. "பாவம், இவர் ஏதோ பயந்துட்டார்" என்று சிரித்தபடி எழுந்தவர், போகிற போக்கில் பெரியவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறு வருஷம், மாடியில் உலாத்தியபடி, "இந்த நகரம் நான் கட்டினது" என்று பெருமை பேசிக்கொண்டிருக்கும்போதே அரசரின் புத்தி கலங்கியது. கையும் காலும் ஊன்றித் தோட்டத்தில் திரிந்தார்.

பெரியவர் அந்த அதிகாரியின் அறைக்குப் போய் நின்றார். "எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும் ஐயா. நீங்க என்னை ஏறெடுத்தே பார்க்கலையே."

"பயந்துட்டேன்."

"நானும்தான்" என்றார் அவர். குத்திக்காட்டும் தொனியே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பெரியவருக்கு.

பதவியை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, தோட்டத்தில் அரசரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு காலை, தண்ணீர்த் தொட்டியருகே அரசர் தலையைத் தூக்கி அவரையே உற்றுப் பார்த்தார். முடியெல்லாம் பனி. தன்னைத் தெரிந்துவிட்டதோ என்று பெரியவர் ஓரடி பின்னே நகர்ந்தார். அரசருக்கு அடையாளம் தெரியவில்லை. குனிந்து புல்லைக் கடித்தார்.

'நல்லவேளை' என்று பெரியவரின் மனம் ஆறியது. ஆறிய மறுகணமே, அதற்காகத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.