ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர்

அஃப்னா லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியதும் அவள் வாப்பா இப்ராஹீம் செய்த முதல் வேலை, மகள் டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததுதான். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால், "ரொம்ப வயசானவங்களைப் பார்க்கிற டாக்டர்" என்பார். இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அவள் படித்தது பண்டை எகிப்தைப் பற்றி. அவள் இதுவரை பார்த்த ஆட்களில் மிக இளையவருக்கே இரண்டாயிரம் வயது இருக்கும். முதுகலையோடு வந்துவிட்டாள், டாக்டர் பட்டத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்பதை மட்டும் அவர் விட்டுவிடுவார்.

வீட்டுக்குள் கதை வேறு. எகிப்தில் ஓர் அகழாய்வுக் குழு அவளை வரும் ஜனவரிக்கு அழைத்திருந்தது. சாப்பாடும் படுக்கையும் உண்டு, சம்பளம் கிடையாது, விமானச் சீட்டு அவரவர் பொறுப்பு. ஜாலான் புசாரில் கடை வைத்து, பூட்டும் கீலும் ஆணியும் விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதருக்கு இது எப்படிப் புரியும்?

"துவாஸ்ல ரோடு தோண்டுறவனுக்கே சம்பளம் கொடுக்கிறாங்க. உனக்கு ஏன் கொடுக்க மாட்டேங்கிறாங்க?"

உலகத்தில் எந்த அகழாய்வாளரிடமும் இதற்கு நல்ல பதில் இல்லை.

"வாங்க ஆள் இல்லாத சாமானை நான் கடையில வைக்கிறதில்லை" என்றார் இப்ராஹீம். "உன் படிப்பு ஒரே ஒரு ஆளுக்காவது வேணும்னு காட்டு, டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன். இல்லேன்னா டிசம்பரோட கடைக்கு வந்துடு."

அந்த ஒரே ஒரு ஆளைத் தேடித்தான் அவள் 'மம்மி மஹா'லில் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தாள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பேரங்காடியின் மூன்றாம் தளத்தில், துணிக்கடை ஒன்று காலி செய்துவிட்டுப் போன இடத்தில் நடந்த கண்காட்சி அது. மம்மிகள் எல்லாம் ஃபைபர் கிளாஸ். நரித்தலைத் தெய்வத்தைப் பார்த்தால் பக்கத்து புளோக்கில் யாரோ வளர்க்கும் நாய் மாதிரி இருக்கும். சுவரெல்லாம் ஓடிய சித்திர எழுத்தை அவள் முதல் நாளே படித்துப் பார்த்தாள். அச்சடித்தவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார், அதிலும் பாதி தலைகீழ். மேலாளர் நிதீஷிடம் போய்ச் சொன்னாள்.

"யாராச்சும் கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்களா?" என்று கேட்டான் நிதீஷ்.

"இல்ல."

"அப்போ ஓகே லா."

அத்தனை பொய்க்கும் நடுவில் ஓர் உண்மை இருந்தது. கழிவறைக்குப் போகும் வழியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழ உயரச் சுண்ணாம்புக்கல். பேரங்காடி முதலாளியின் தாத்தா எங்கேயோ ஏலத்தில் எடுத்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ரென்செனெப் என்ற பெண்ணின் கல்லறைக் கல். பெரிய இடத்துப் பெண் இல்லை. செதுக்கியவனும் கெட்டிக்காரன் இல்லை, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அஃப்னாவுக்கு அந்தக் கோணல் கையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு இளகும். தினமும் அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் அவளிடம் ஆர்வமாகத்தான் கேட்டார்கள், டாய்லெட் எந்தப் பக்கம் என்று.

"அந்தக் கார்னர்ல ட்ராஃபிக் இருக்கு, ஆனா யாரும் நிக்கல" என்றான் நிதீஷ் ஒரு நாள். "கல்லை ஸ்டோருக்கு அனுப்பிட்டு பாரோ சிம்மாசனம் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். உக்காந்து செல்ஃபி எடுப்பாங்க."

"எனக்கு?"

"உனக்குக் கிரீடம் மாட்டி விடுற வேலை இருக்குமே."

இந்த நிலையில்தான் பூவம்மா வந்தார். தோ பாயோவில் இருப்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு மழைக்கு ஒதுங்கியவர். மூத்தோருக்கு அன்றைக்கு இலவசம் என்று தெரிந்ததும் கூடையோடு உள்ளே வந்து கல்லின் முன்னால் நின்றார். அஃப்னா விடுவாளா?

"இது அந்தம்மா நமக்குச் சொல்றது, ஆன்ட்டி. இந்த வழியா போற உயிருள்ளவங்களே, என் பேரைச் சொல்லி இதை வாயால சொல்லிட்டுப் போங்க: ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் கோழி, ரென்செனெப்புக்கு."

"எல்லாமே ஆயிரமா?"

"எல்லாமே. இந்தத் தாமரைச் செடி இருக்கில்ல, அதுதான் ஆயிரம்."

பூவம்மா வெகுநேரம் கல்லையே பார்த்தார். முதன்முறையாக ஒரு மனித உயிர் தன் படிப்பில் மூழ்கிப் போனதாக அஃப்னா நினைத்தாள். அன்று இரவு அவளுக்கு நிம்மதியான தூக்கம்.

பூவம்மா நினைத்தது வேறு. ஆயிரம் என்றால் நாலு இலக்கம். இந்த ஊரில் நாலு இலக்கம் கண்ணில் பட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், ஃபோர் டி லாட்டரி. மோதிய காரின் நம்பரை எடுத்துக் கட்டுவார்கள், செத்தவர் வீட்டு நம்பரை எடுத்துக் கட்டுவார்கள். நாலாயிரம் வருஷமாக ஒரே நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்பவளை விடுவார்களா? பூவம்மா 1000 வாங்கினார். மூன்றாம் பரிசு விழுந்தது.

அடுத்த வாரம் மம்மி மஹாலின் வாசலில் வரிசை, நகரும் மின்படி வரைக்கும். ஃபைபர் மம்மிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எல்லாரும் கழிவறைப் பக்கம்தான். கல்லில் இருந்த ஆந்தை எழுத்தை எண்ணினார்கள், கீறலை எண்ணினார்கள், பெட்டியில் ஒட்டியிருந்த மின்சாரப் பரிசோதனைச் சீட்டின் எண்ணையும் விடவில்லை. நிதீஷ் பூரித்துப் போனான்.

"என்கேஜ்மெண்ட் லா, அஃப்னா, என்கேஜ்மெண்ட். டெய்லி ஒரு புது நம்பர் படிச்சுச் சொல்லு. உன்னைப் பெர்மனென்ட் பண்றேன்."

அதோடு போகவில்லை. பூவம்மா ஒரு ரொட்டிப் பொட்டலமும் இரண்டு டின் பீரும் அரைக் கோழியும் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வைத்தார்.

"ஆன்ட்டி, கொண்டுவரணும்னு இல்ல. வாயால சொன்னாப் போதும். கல்லுலயே அப்படித்தான் இருக்கு."

"வாயால சொன்னா வயிறு நிறையுமாம்மா? நம்பர் கொடுத்தவங்களுக்குத் திருப்பிச் செய்யாம இருக்கக் கூடாது. அவங்க கேட்டதைத்தானே கொண்டு வந்திருக்கேன்."

அவரைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கினார்கள், ஜெயித்தவர்கள் நன்றிக்கு, ஜெயிக்காதவர்கள் முன்பணமாக. ரொட்டி மலைபோல் குவிந்தது. பீர் டின்களை அஃப்னா வரிசையாக அடுக்கி வைத்தாள், யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று. சிரிப்பு வந்தது. இத்தனை காலம் கேட்டுக்கேட்டு, ரென்செனெப்புக்கு நிஜமாகவே சாப்பாடு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்த இப்ராஹீமை, பக்கத்துக் கடை ஃபாரூக் ஓரமாக இழுத்துப் போனார். "பாய், தப்பா நினைக்காதீங்க. என் கடைக்கு வர்ற சீன அங்கிள் கேட்டுக்கிட்டே இருக்கார். உங்க டாக்டர் மகக்கிட்ட ஒரு நம்பர் வாங்கித் தர முடியுமா?"

இப்ராஹீம் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராகப் பேரங்காடிக்கு நடந்தார். சூதாட்டத்தின் நிழல்கூடப் படாமல் வளர்த்த மகள், பீர் டின்களுக்குக் காவல் நிற்பதைப் பார்த்தார். திட்டவில்லை, டின்களை ஒவ்வொன்றாக எண்ணினார். அது இன்னும் மோசம்.

"வாப்பா, ஒரு ஆள் கேட்டீங்க" என்றாள் அஃப்னா, அவர் பேசுவதற்கு முந்திக்கொண்டு. "வரிசையைப் பாருங்க."

"பார்த்தேன். என் கடைக்குச் சுத்தியல் வாங்க வர்றவன் சுத்தியல் வாங்கிட்டுப் போறான். இவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு நீயே சொல்லு."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அஃப்னாவுக்கு முகம் சுட்டது. நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு ஆந்தையை எண்ணி ஒரு நம்பர் சொன்னால் போதும்.

வரிசையில் முன்னால் நின்றவர் பேனாவை எடுத்தார். "இன்னிக்கு என்ன நம்பர்?"

"நம்பர் இல்ல, அங்கிள்" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அன்னிக்கும் இல்ல. ஆயிரம்னா அவங்க பேச்சுல நிறையன்னு அர்த்தம். இந்தம்மா யாருக்கும் எதையும் கொடுக்கல. கேக்கத்தான் செய்யுறாங்க. செத்துப் போனதுக்கப்புறம் தன் பேரை யாராவது சொல்லணும்னு கேக்குறாங்க. அவ்வளவுதான்."

முதலில் சிரித்தார்கள், நம்பரை மறைக்கிறாள் என்று நினைத்து. அதற்கப்புறம் இரண்டு குலுக்கலில் ஆந்தையும் விழவில்லை, கீறலும் விழவில்லை, பரிசோதனைச் சீட்டும் விழவில்லை. வரிசை மின்படியிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து காணாமலே போனது. ரொட்டிக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பேரங்காடி நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. கடைசியில் சிம்மாசனம் வந்தது, பளபளவென்று, துவாஸ் பட்டறையின் பெயிண்ட் வாடை போகாமல்.

"ஒரே ஒரு நம்பர்தானே கேட்டேன்" என்றான் நிதீஷ், உண்மையிலேயே வருத்தத்தோடு. "நீ நல்ல படிச்ச பொண்ணு லா. ஆனா கஸ்டமரைப் புரிஞ்சுக்கல."

கல்லைப் பெட்டியில் வைத்து மூடப்போகிற நாளில் இப்ராஹீம் மறுபடி வந்தார். மகளைக் கடைக்கு அழைத்துப் போகத்தான். அவர் வாயால் அதைச் சொல்லவும் தேவையில்லை, அஃப்னா பையைத் தோளில் மாட்டித் தயாராக இருந்தாள். கண்காட்சியில் வேறு யாரும் இல்லை. அவர் கல்லின் முன்னால் நின்று, பூட்டு வாங்கும்போது பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"அந்தம்மா என்னதான் கேக்குறா? ஒழுங்காச் சொல்லு."

அவள் படித்தாள். ஒரு நம்பரும் தேடாத ஒருவருக்குப் படிப்பது இதுதான் முதல் தடவை. கடைசி வரியையும் படித்தாள்: வாயின் மூச்சுதான் இறந்தவருக்கு உதவும், அதில் உங்களுக்குக் களைப்பு ஒன்றும் இல்லை.

இப்ராஹீம் நிமிர்ந்தார். "கபுருஸ்தான் வழியா போறப்ப, அங்க அடங்கியிருக்கிறவங்களுக்கு நாம சலாம் சொல்லிட்டுப் போறோமே. அது மாதிரியா?"

"அது மாதிரிதான் வாப்பா."

"ரொட்டி, பீர் எல்லாம் நான் சொல்ல மாட்டேன். அது நமக்கு ஆகாது. பேரை மட்டும் சொல்லலாம்ல?"

"சொல்லலாம்."

"ரென்… செனெப்." கடைக்கு வந்த புது ஆளின் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்ப்பதுபோல் சொன்னார். "என்ன அர்த்தம்?"

"பேர் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அஃப்னா அழுதுவிட்டாள். அவர் கவனிக்காதவர்போல் சிம்மாசனத்தின் கால் ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். ஆடியது.

"ஒரு ஆள் காட்டச் சொன்னேன்" என்றார். "உயிரோட இருக்கிறவங்கள்ல உன் படிப்பு யாருக்கும் வேணாம். அது தெரிஞ்சுபோச்சு."

"ஆமாம்."

"இந்தம்மாவுக்கு வேணும்ல. செத்தவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது ஃபாரூக்கின் அழைப்பு வந்தது. இப்ராஹீம் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, பழைய இப்ராஹீமாகவே பேசினார்.

"நம்பரெல்லாம் இல்லை, பாய். டாக்டருக்கு ஜனவரியில ஊர்ல வேலை இல்லை, எகிப்துக்குப் போறா. பேஷன்ட் எல்லாம் அங்கதான் இருக்காங்க. ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்காங்க."