மூன்று ஆண்டு வரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் வயிற்றெரிச்சலில் எழுதத் தொடங்கினேன். நல்ல எண்ணத்தில் பிறக்கும் கதைகளும் உண்டாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் அக்காவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க ஆசைப்பட்டேன். நாலு பேர் கிடைக்கவில்லை. நோட்டுதான் கிடைத்தது.

('என் அக்கா' என்று எழுதியதுமே ஒரு சிக்கல். 'நான்' என்று எழுதினால் என்னை நல்லவளாக்கிவிடுகிறேன். பேனா தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால் இனி 'அவள்'. அவள் விஷயத்தில் எனக்கு இரக்கம் குறைவு.)

எழுதி அடித்த தொடக்கங்கள் இரண்டு:

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நூலக மாடியில், பொதுமக்களுக்கான இலவசச் சட்ட வகுப்பு நடைபெறும். — கதை மாதிரி இல்லை, நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

அவளுடைய அக்கா ஒரு திருடி. — நன்றாக இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டுமே.

2

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா சட்டம் படித்து முடித்து, ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நூலக மாடியில் நின்று, எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வாள். தங்கை பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நிறுத்தியதற்குக் காரணம் —

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

தங்கைக்கு வீட்டில் 'ஊமைக்கோட்டான்' என்று பெயர். கூப்பிடும்போது வெறும் கோட்டான். வகுப்பு நாளில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை விரித்துப் போடுவாள். பிறகு கதவோரம், சுவிட்ச் போர்டுக்குக் கீழே உட்காருவாள். அக்கா கண்ணைக் காட்டினால் ஃபேனைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் வேலை.

அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. யாருக்கும் தெரியாது. அக்கா கோர்ட்டுக்குப் போனதும் அவளுடைய தடித்தடி சட்டப் புத்தகங்களை எடுத்துப் படிப்பாள். 'நேர்மையற்ற உள்நோக்கத்துடன் அசையும் பொருளை அகற்றுதல்' என்று வந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அதையே நோட்டில் இப்படி எழுதுவாள்:

'ஒருவர் குடையைத் தன் குடை என்று நினைத்து எடுத்துப்போனால் குற்றமில்லை. வீட்டுக்குப் போய் விரித்துப் பார்த்து, அட, நம்மதைவிட நல்லா இருக்கே என்று மடித்து உள்ளே வைத்தீர்களா? அந்த நிமிஷத்திலிருந்து குற்றம்.'*

அந்தக் குடையைத்தான் ஒரு சனிக்கிழமை அக்கா மேடையில் விரித்தாள். சபையே சிரித்தது. பேக்கரிக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு, "அப்ப எங்க வீட்ல இருக்கிற நாலு குடைக்கும் சேர்த்து உள்ள போகணும்போல இருக்கே!" என்றார். "உங்களுக்கு மட்டும் தள்ளுபடி அண்ணே" என்றாள் அக்கா. இன்னும் பெரிய சிரிப்பு.

கவனித்தீர்களா? தள்ளுபடி என்பது அக்காவே போட்டது. என் கதையில்கூட நல்ல வசனம் அவளுக்குத்தான் போகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அடிக்கவும் மனம் வரவில்லை.

* தண்டனைகளும் விளக்கங்களும் இந்தக் கதையின் ஊருக்கு மட்டும். உங்கள் ஊரில் எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கதையை நம்பி யார் குடையையும் எடுக்க வேண்டாம்.

3

நோட்டு அக்காவின் கைக்கு எப்படிப் போனது? இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை: அக்கா தலையணைக்கடியிலிருந்து நோட்டை உருவினாள். இது திருட்டு. எழுதும்போது குளுகுளு என்று இருந்தது.

இரண்டாம் தடவை: பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித் தங்கை கொடுத்தாள், அக்கா தன்னுடையதாக்கிக்கொண்டாள். இது நம்பிக்கை மோசடி. தண்டனை இன்னும் கூடுதல். அதனால்தான் எழுதினேன்.

மூன்றாம் தடவை எழுதியது:

மேசை மேல் நோட்டு திறந்து கிடந்தது. அக்கா நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள்.

"ஏய் கோட்டான், இது நீ எழுதினதாடி?"

"ம்."

"அடிப்பாவி. எங்க சாருக்கே இப்படிச் சொல்ல வராதுடி. சனிக்கிழமைக்கு எடுத்துக்கட்டுமா?"

"ம்."

"உன் பேரைச் சொல்லவா?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

சம்மதத்தோடு எடுத்தால் திருட்டில்லை. எல்லாச் சட்டப் புத்தகமும் ஒத்துக்கொள்ளும். இரண்டு 'ம்', ஒரு தலையாட்டல். வழக்கு முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, நோட்டைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டவளே அவள்தான்.

ஆனாலும் எரிந்தது. குடைக்குச் சிரித்தவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கதவோரம் கோட்டானின் தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது.

4

இனிதான் கதை. நடந்தது போன சனிக்கிழமை.

கூட்டத்தில் ஒரு பொத்தான்காரம்மா இருந்தார். தையல் கடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். முந்தானையில் எப்போதும் இரண்டு ஊசி குத்தியிருக்கும். அதுவரை வாயே திறக்காதவர், அன்று கையைத் தூக்கினார்.

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்காகக் கேக்கறேன் பாப்பா."

பின்வரிசையில் ஒருவர் செருமினார். தெரிந்தவர் என்று கேட்பவர்கள் யாருக்காகக் கேட்கிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுங்கம்மா."

"வேலை பாக்கிற எடத்துல துளை போடற மிஷினு ஒண்ணை வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. விக்கலாம்னு. விக்கல. அப்படியேதான் இருக்கு. முதலாளி கம்ப்ளைன்ட் குடுத்துட்டாரு. திங்கக்கிழமை எடுத்தவரே ஸ்டேஷன்ல போய்க் குடுத்துடறேன்றாரு. போனா எவ்வளவு நாளு உள்ள இருக்கணும்?"

அக்கா நோட்டைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இந்த மாதிரித் திருட்டுக்கு மூணு வருஷம்மா."

"மூணு வருஷமா?"

"ஆமாம்மா. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

கோட்டான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோட்டில் இருப்பது 'மூன்று ஆண்டு' இல்லை. 'மூன்று ஆண்டு வரை.' அந்த 'வரை'க்குக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'வரை என்றால் ஒரு நாளும் அதற்குள் அடக்கம். வெறும் அபராதத்தோடு விட்டாலும் அடக்கம். தானாகப் போய்ப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவரை நீதிபதி வேறு கண்ணால் பார்ப்பார். இந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடாதே.'

அக்கா எப்படி விட்டாள்? கோட்டானுக்கு உடனே புரிந்துவிட்டது. 'மூன்று ஆண்டு' என்பதோடு அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. 'வரை' மறுபக்கத்தின் தலையில் இருந்தது. இரண்டு கோடும் அங்கேதான். அக்கா பக்கத்தின் கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தைத் திருப்பவில்லை.

(பிழை யாருடையது? இங்கே அரைப் பக்கத்துக்கு வாதாடி, பிறகு கிழித்துவிட்டேன். கோட்டான் கையெழுத்து பெரிது. இடம் போதாமல் அந்தச் சொல்லை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியவள் அவள். அவ்வளவுதான் சொல்வேன்.)

5

எழுந்து ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழவில்லை.

பயம் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். கூச்ச சுபாவம், பாவம், நாக்கு எழவில்லை என்று. அப்படித்தான் முதலில் எழுதினேன். பொய். நாக்கு எழுந்தது. சொல் அதன் நுனிவரைக்கும் வந்தது. அவள் அதை மிட்டாய் மாதிரி உள்ளேயே வைத்துக்கொண்டாள். அவ்வளவு இனிப்பு. நாற்பது நாற்காலிக்கு முன்னால் அக்கா தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உலகத்திலேயே அது தெரிந்தவள் ஒருத்திதான். என்றாவது ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். 'என்னம்மா, படிச்ச பொண்ணு இப்படிச் சொல்லிட்டியே' என்பார்கள். அப்போது அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் காத்திருக்கத் தயாராக இருந்தாள்.

(பொறாமைக்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று அக்காவின் புத்தகங்களில் தேடினேன். 'பொது ஊழியர்' இருக்கிறது, 'பொய்ச் சாட்சி' இருக்கிறது. அதற்கடுத்து வர வேண்டிய 'பொறாமை' இல்லை.)

பொத்தான்காரம்மா எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே போனார். கதவுக்கு வெளியே, படிக்கட்டின் தலையில் நின்று போன் போட்டார். கோட்டானுக்கும் அவருக்கும் நடுவே கதவு மட்டும்தான்.

"நான்தான்... கேளுங்க. திங்கக்கிழமை போகாதீங்க. ஆமா, கேட்டுட்டேன், மூணு வருஷமாம்... இல்ல, அந்தப் பொண்ணு புத்தகத்தப் பாத்துதான் சொல்லுச்சு... ஆறு மணி பஸ்ஸப் புடிங்க. எங்க போனாலும் போங்க, எனக்குக்கூடச் சொல்லாதீங்க. மிஷினா? அதைத் தூக்கிக் கெணத்துல போடுங்க... அழாதீங்க. பொம்பள நானே அழல."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை.

மிட்டாய் கசந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். கசக்கவில்லை. இனிப்பும் இருந்தது, கண் கடிகார முள்ளை விட்டு நகரவும் இல்லை. இரண்டும் சேர்ந்தேதான்.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. கோட்டான் எழுந்து நின்று, கணீரென்று, "அக்கா, 'வரை'யை விட்டுட்ட!" என்கிறாள். கைதட்டல். அக்கா தங்கையைக் கட்டிக்கொள்கிறாள். — எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆ. அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். அந்த மனிதர் பஸ் ஏறுகிறார். ஓடினவர் என்று இன்னொரு வழக்கும் சேர்கிறது. வருஷம் கழித்து அக்காவுக்கு விஷயம் தெரிந்து, அவள் முகம் — இந்த வாக்கியத்தை முடிக்க எத்தனை நாள் ஆசைப்பட்டேன்! முடிக்க உட்கார்ந்தால் அக்காவின் முகம் வரவில்லை. முந்தானையில் இரண்டு ஊசிதான் வருகிறது.

இ. அக்காவே பக்கத்தைத் திருப்புகிறாள். — நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி எழுதினால் பெருமை மறுபடியும் அவளுக்கே போய்விடும். மாட்டேன்.

7

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

கோட்டான் எழுந்தாள். ஃபேன் சுவிட்சில் தோள் பட்டு ஃபேன் நின்றது. உள்ளே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். வாசல் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பொத்தான்காரம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். எழுதிக் கொடுக்கலாம் என்றால் நோட்டு மேலே அக்காவிடம் இருந்தது. பேனா அதற்குள்ளே.

பொத்தான்காரம்மா திரும்பினார். சுவிட்ச் போர்டுக்குக் கீழே உட்காரும் பெண் என்று அடையாளம் தெரிந்தது.

"என்னம்மா இப்படி ஓடியார? நான் எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டனா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் பையைத் திறந்து பார்த்தார். போன், சாவி, பொத்தான் டப்பா. "எல்லாம் இருக்கே. எதை விட்டேன், சொல்லு தாயி. எனக்கு நேரமில்ல."

மாடி ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். சொன்னால் இந்தம்மா பிழைத்துக்கொள்வார். கூடவே அக்காவும் தப்பித்துவிடுவாள்; அவள் தப்பாகச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாமல் போய்விடும். அடுத்த சனிக்கிழமையும் அதே சிரிப்பு, அதே கைதட்டல், அதே நாற்பது நாற்காலி. இது கோட்டானுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த இடத்துக்கு மேல் என் பேனா நகரமாட்டேன் என்கிறது. நாலு நாளாக இந்த வரியிலேயே நிற்கிறேன்.

அந்தச் சொல் இரண்டே எழுத்து. உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு என் அக்காமேல் ஒரு பொறாமையும் இல்லை. அந்தம்மா பையை மூடிவிட்டார், ஒரு காலை முன்னே எடுத்து வைத்துவிட்டார்.

நீங்களாவது சொல்லிவிடுங்கள்.